இத்தாலிப் பேராசிரியரின் ஷூ

இத்தாலியிலிருந்து வந்த அந்த வடிவியல் பேராசிரியர் காட்பாடியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பாடம் நடத்தினார். நான் ஆம்பூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவருடைய பொதுச் சொற்பொழிவுக்குப் போனேன். பதினேழு பேர் வந்திருந்தோம். கடைசிவரை இருந்தவர்கள் நாலு பேர். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

வளைந்த பரப்பைத் தட்டையாக்கினால் என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய ஆயுள்கால ஆராய்ச்சி. அதைக் கேட்டதும், எங்கள் தெருவில் ஷூவுக்கு பேட்டர்ன், அதாவது தோல் வெட்டும் காகித மாதிரி, போடும் பாயிடம் அவரை அழைத்துப் போனேன். பாய் பாத வடிவ மர அச்சின் மேல் காகித டேப்பை ஒட்டி உரித்தார். மேசையில் வைத்து அழுத்துமுன், பேராசிரியர் பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டார். பாய் அழுத்தியதும் குதிகால் பக்கம், கோட்டின் மேலேயே, காகிதம் பத்தாமல் கிழிந்தது. மேற்பாதத்தில், அங்கும் கோட்டின் மேலேயே, மிஞ்சி மடிந்தது.

"இன்னா வாத்தியாரே, ஜோசியம் பாக்குறாரா?" என்றார் பாய்.

பேராசிரியரின் ஊரிலும் ஆற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகளாம். எங்களுக்கே குமட்டும் வாடையை நின்று இழுப்பார். ஞாயிறுதோறும் ரயிலில் வந்துவிடுவார். பரீட்சையைப் பற்றிய பேச்சில்லாமல் என்னிடம் கணக்கு பேசிய ஒரே மனிதர்.

அவருடைய இரண்டு பாதமும் ஒரே அளவில்லை. பாய் அளவெடுத்து ஒரு ஜோடி ஷூ ஆரம்பித்தார். முடிவதற்குள் பேராசிரியருக்கு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. டிசம்பரில் வந்து போட்டுப் பார்க்கிறேன் என்றார். போட்டுப் பார்க்காமல் பாய் சோல் ஒட்ட மாட்டார்.

மூன்று டிசம்பர் போய்விட்டது. சென்ற மாதம் தொலைபேசியில், விமானப் பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், ஷூவைத் தபாலில் அனுப்ப முடியுமா என்றும் கேட்டார்.

பாயிடம் சொன்னேன்.

"ஒரு மணி நேர வேல, ஒட்டிக் குடுத்துடறேன். அச்சும் அதுக்குள்ள மாட்டிக்கினு கெடக்குது, பேஜாரு."

"கால் வராம முடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வர்ற ஆளுக்கு வாத்தியாரே."

இருக்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அனுப்பிவிட்டால் அவர் இங்கே வருவதற்கு என்ன காரணம் மிச்சம்?

போன ஞாயிறு அவரே அழைத்தார். இன்னும் சோல் ஒட்டவில்லை என்றேன். எப்போது ஒட்டுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. டிசம்பரில் ஆம்பூரில் ஸ்வெட்டர் தேவைப்படுமா என்று கேட்டார். விடியற்காலையில் மட்டும் தேவைப்படும் என்றேன்.