சாவு வீட்டுக்கு முதலில் வரும் சகாயம் அக்கா

பேண்டேஜ் துணித் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. பக்கத்துத் தறிக்காரி என் காதோடு வாயை வைத்து, "சகாயம் அக்கா போயிட்டாவ, மாரடைப்பாம்" என்றாள். நான் ஓவென்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு அக்காவைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். அவர் சோறு போட்ட பிள்ளைகளே கத்தியோடு திரிய ஆரம்பித்ததும், தெருப் பெண்கள் எங்களைத் தண்ணி டேங்க் அடியில் கூட்டி வைத்துப் பேசினார். "ஒரு கொலை விழுந்தா, அடுத்தது அந்தச் சாவு வீட்டுலதான் மொளைக்கு. அங்கதான் மறிக்கணும்" என்றார். செத்தவன் தம்பியைப் பிடித்துவைக்க ஓர் ஆள், கூட்டாளிகளுக்கு ஓர் ஆள், ஒப்பாரி வைக்கிறவள் பக்கத்தில் ஓர் ஆள் என்று பிரித்துக் கொடுத்தார். "அழுகைக்கும் காவலாக்கா?" என்று சிரித்தோம்.

பிறகு என் மூத்த மகன் பாண்டியை நடுரோட்டில் வெட்டிப் போட்டார்கள். கழுத்தைத் துணியால் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு, இளையவன் செல்வத்தைப் பார்த்தே பாடினாள்: "ஒன்ன வெட்டுன கை ஒறப்பா இருக்கையில, ஒன் தம்பி கைக்கு வளையலு வாங்கட்டுமா..." அக்கா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். அவள் கடித்தாள். விரலில் ரத்தம் வடிந்தும் கையை எடுக்கவில்லை. "ஏட்டி, கடிச்சுக்கோ. அழு, பிள்ளைய ஏவாத."

அதற்குள் செல்வம் அரிவாளோடு வாசலுக்குப் பாய்ந்தான். பிடித்துவைத்தவர்களால் ஏலவில்லை. அக்கா குறுக்கே விழுந்தார். வீசிய வீச்சு அவர் தோளில் இறங்கியது, எலும்பு தெரிந்தது. அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தோளையே பார்த்தான்.

"ஏலே, என்னலே பாக்க? துண்ட வச்சு அமுக்கு."

இங்கே ஆஸ்பத்திரி வாசலில் எதிராளிகள் நிற்பார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவை விடச் சொன்னார். வழியெல்லாம் அவன்தான் அமுக்கிப் பிடித்திருந்தான். "ரெண்டாவது முட்ட குடுக்கலன்னு கரண்டியப் புடுங்குன பயதானலே நீ" என்று வைதாராம். போலீசிடமும் மறைக்கவில்லை: "என்னத்தான் வெட்டுனான். வேற எவனையும் வெட்டல, அதையும் எழுதிக்கிடுங்க."

ஜாமீனில் வந்தவன் இப்போது தினமும் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போய் மூட்டை ஏற்றுகிறான்.

அக்கா செய்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாண்டியை வெட்டியவனின் அம்மாவையும் டேங்க் அடிக்குக் கூட்டி வந்தார். அவள் முகத்தில் காறித் துப்பினேன். அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏட்டி, இவ வீட்டுலயும் சின்னவன் ஒருத்தன் இருக்கான். நாளைக்கு அவன் அருவாள எடுத்தா ஒன் செல்வத்துக்குத்தான் எடுப்பான். அவன நீ பாரு, செல்வத்த இவ பாக்கட்டும்."

அக்காவைக் கல்லறையில் வைத்த அன்றும் அவள் வந்திருந்தாள். நான் பேசவில்லை. இனியும் பேசமாட்டேன். ஆனால் பொழுது சாய்ந்து செல்வம் வந்த பிறகும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தெருக்கோடி வரை போய், அவளுடைய சின்னவனும் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் தட்டின் முன் உட்காருகிறேன். சகாயம் அக்கா என்னிடம் விட்டுப்போனது இதுதான்.