கூப்பிட்டால் வராத இருமல்

சித்தூரில் ஆட்டோ ஓட்டும் டைட்டஸ் சில வாரங்களாக இருமிக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் போதகர் "அன்பானவர்களே" என்றாலே கடைசி பெஞ்சிலிருந்து அவர்தான் பதில் சொல்வார். ஒரு ஞாயிறு போதகர் பொறுமையிழந்து, "ஆண்டவரே, டைட்டஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்" என்று ஜெபத்தை முடித்தார். அந்தச் சபையில் அவ்வளவு சத்தமாக ஆமென் எழும்பியதே இல்லை.

மறுநாளே மனைவி கேசியா அவரை இழுத்துப்போனாள். ஆய்வக டெக்னீஷியன் பத்மினி ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, வெளியே வேப்பமரத்தடியில் நின்று இருமிச் சளியைத் துப்பி வரச் சொன்னாள்.

டைட்டஸ் நின்றார். செருமினார். நெஞ்சைத் தட்டினார். அழைக்காமலே வந்துகொண்டிருந்த இருமல், அழைத்ததும் சம்பந்தி வீட்டார்போல முறுக்கிக்கொண்டது. வாயில் ஊறியதைத் துப்பி நீட்டினார்.

"இது எச்சிலு சார். எனக்கு சளி வேணும்" என்றாள் பத்மினி. "காலைல எழுந்ததும் வாயக் கொப்புளிச்சிட்டு, மூச்ச நல்லா இழுத்து இருமுங்க."

காலையில் கேசியா முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, காணிக்கைப் பை நீட்டுவதுபோல டப்பாவை எட்ட நீட்டியபடி வாசலில் நின்றாள். அதைப் பார்த்து டைட்டஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. டப்பா நிறைந்தது.

சோதனையில் தெரிந்தது காசநோய்.

"சீக்கிரமே கண்டுபுடிச்சிட்டோம். மாத்திரய நடுவுல நிறுத்தாதீங்க, சரியாயிடும்" என்றாள் பத்மினி. கேசியாவையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை.

மாத்திரை தொடங்கிய மறுநாள் கழிவறையிலிருந்து, "கேசியா, நா போறேன்" என்று ஓர் அலறல். சிறுநீர் ஆரஞ்சு நிறம். அதையும் ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டு பத்மினியிடம் ஓடினார்.

"மாத்திரையோட கலரு சார் அது. அன்னிக்கே சொன்னேனே. இந்த டப்பா நாங்க குடுத்தது இல்லியே?"

"ஊட்ல ஊறுகா டப்பா காலியா இருந்துது."

"அத்த மறுபடி ஊட்டுக்கு எடுத்துக்கினு வந்தா பாரு" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த கேசியா.

மாதங்கள் ஓடின. கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. இப்போது டைட்டஸின் ஆட்டோவில் யாராவது விடாமல் இருமினால் வண்டி தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிவிடுகிறது.

"யோவ், நான் திருப்பதி பஸ் புடிக்கணும்."

"பஸ்ஸு அடுத்தடுத்து வந்துகினேதான் இருக்கும் சார். மொதல்ல துப்பிட்டுப் போலாம்."