பூரணி சொன்ன சொந்த வார்த்தை

பூரணி ஹட்டனில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பதினாறு வருஷம் ஓட்டியவள். கினிகத்தேனை டவுன் துணிக்கடையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட சிங்களம், பிறகு பரீட்சை எழுதி உத்தியோகமானது. கொலைகாரன் பேசினாலும் களவெடுத்தவன் பேசினாலும் ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று கூண்டில் நின்றவர் மத்தியாஸ். மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் பத்திரிகை போடுகிறவர். போன இதழில் மாரியம்மன் எழுதுவதுபோல ஒரு கடிதம் போட்டிருந்தார்: “எனக்கு மூன்றாவது கோபுரம் வேண்டாம். தோட்டத்து லயத்தில் என் பிள்ளைகளுக்குக் கூரை ஒழுகுகிறது. நான் அங்கே குடிவருகிறேன், நீங்கள் கோயிலில் வந்து படுங்கள்.” கிறிஸ்தவ வேதக்காரர் அம்மனைக் கேலி செய்துவிட்டார் என்று கோயில் கமிட்டித் தலைவர் மாயாண்டி பொலிசுக்குப் போய்விட்டார். அவர் பூரணி இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்காரர்தான், அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருப்பவர்.

“நீயும் அம்மன் புள்ளதான். பார்த்துச் சொல்லு,” என்று நீதிமன்ற வாசலிலேயே மறித்துச் சொல்லியிருந்தார்.

கடிதத்தை அவள் சிங்களத்தில் வாசித்தாள். இதில் என்ன அவமானம் என்று நீதவான் கேட்டார்.

“நாங்க கெடக்குற லயத்துல சாமியக் குடிவக்கிறது அவமானம் இல்லீங்களா ஐயா?” என்றார் மாயாண்டி. பூரணி அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னாள். சுருக்கென்றது. அவளும் அங்கேதான் கிடக்கிறாள்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்களும் இந்துதானே? வாசித்தபோது உங்கள் மனம் புண்பட்டதா?” என்று அவளையே சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டுவிட்டார். மத்தியாஸுக்குப் பிணையா, சிறையில் மறியலா என்பது இப்போது அவள் வாயில் வந்து நின்றது.

“இல்லை. சிரிப்புத்தான் வந்தது,” என்றாள் சிங்களத்தில்.

அதோடு முடியவில்லை. சிங்களத்தில் பேசியதெல்லாம் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் போக வேண்டும், அதுதான் அவள் வேலை. பின்னால் தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதிலை மெல்ல விழுங்கிவிடலாமா என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கேள்வியைத் தமிழில் சொன்னாள். பிறகு, “இல்லீங்க, எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு,” என்று கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மத்தியாஸுக்குப் பிணை கிடைத்தது. பின்னேரம் தோட்டத்துக்குப் போகிற ஒரே பஸ்ஸில் அந்த முப்பது பேரும் ஏறினார்கள். அவளும் அதில்தான் ஏற வேண்டியிருந்தது.