இரட்டை முடிச்சுப் போட்ட கவசம்

போன வருடம் இலையுதிர்கால விடுமுறையில், டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது இது. கணினி விளையாட்டுப் பிரியர்களின் விழா. விளையாட்டில் வரும் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு மேடையேறும் போட்டியும் இருந்தது. கோல்டிங்கிலிருந்து என் மகளுடன் ரயிலில் போயிருந்தேன். துணைக்குப் போவதாக நான் சொல்லிக்கொண்டேன். மூட்டை தூக்க வருவதாக அவள் சொன்னாள்.

அவள் போட்டது ஒரு போர்வீராங்கனை வேடம். சில மாதங்களுக்கு முன் அந்தப் பாத்திரத்தின் படத்தைக் குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்குக் காட்டியிருந்தாள்.

"அப்பா, இதைப் பாருங்கோ. ஆம்பிளைக்குக் கழுத்தில இருந்து கால் வரைக்கும் இரும்பு. இவளுக்கு ரெண்டு கிண்ணமும் ஒரு சங்கிலியும். அம்பு இவளின்ர வயித்தில படாதாமோ?"

"அம்பு படமுன்னம் சளி பிடிச்சிடும்" என்றேன்.

"நான் இவளுக்கு உண்மையான கவசம் செய்யப்போறன்."

"செய் பிள்ளை, செய். வரலாறு முக்கியம்."

வரலாற்றில் எனக்குத் திடீரென்று வந்த அக்கறையைப் பார்த்து அவள் சிரித்தாள். எந்தத் தமிழ்க் குடும்பம் அவளைப் படம் எடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவில் போடும் என்ற என் கவலை அவளுக்குத் தெரியாததல்ல. அவளுடைய கொள்கையும் என் மானமும் ஒரே கவசத்துக்குள் அடங்கியதில் எனக்குப் பரம திருப்தி.

அலுமினியத் தகட்டில், தோல் வார் வைத்து, தலைக்கவசம் வரை அவளே செய்தாள். அதைத் தனியாளாக அணிய முடியாது. பின்னால் நின்று ஒருவர் கட்டவேண்டும். மேடையில் கழன்று விழுந்து மானம் போய்விடக்கூடாது என்று ஒவ்வொரு முடிச்சையும் நான் இரண்டு தரம் போட்டேன்.

மகளுக்குப் பள்ளிக்காலம் முதல் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடுகிறவள். மேற்கையில் ஒட்டிய சிறிய வெள்ளைக் கருவி சீனியின் அளவை அவளுடைய கைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அன்று அந்தக் கைபேசி என் கையில். அளவு இறங்கினால் குடிக்கப் பழச்சாறு என் பையில். அந்தப் பையை நான் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் பைகளுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் பையோடு போனார்கள். ஆனால் நான் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் விதிகளைக் காத்தே ஓய்வு பெற்றவன். ஒரு அறிவிப்பை வாசித்த பிறகு மீற எனக்கு வராது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு டேனிஷ் பெண். மகள் திருத்தி அமைத்த அதே பாத்திரம், திருத்தப்படாத வடிவத்தில். கிண்ணங்கள், சங்கிலி, இடுப்பில் ஒரு சிறிய பை. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் மண்டபத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கைபேசியில் 'தொடர்பு இல்லை' என்று வந்தது. கருவியின் மேல் அலுமினியத் தகடு; அதனால்தான் என்று புரிந்தது. சிறிது நேரம் காத்திருக்கவும் என்றது கைபேசி. காத்திருந்தேன். அறிவுறுத்தல் அப்படித்தான் இருந்தது.

"பிள்ளை, ஓகேயா?"

டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். மேடைப் பயம் என்று நினைத்தேன். தலைக்கவசத்துக்குள் அவள் முகம் தெரியவில்லை. மறுபடி கேட்டபோது என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் விளங்கியது. சீனி இறங்கினால் அவள் இப்படித்தான் கோபப்படுவாள். தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்தேன். அது கழுத்துத் தகட்டோடு பிணைந்திருந்தது. கழுத்துத் தகடு என் முடிச்சுகளோடு. ஒரு முடிச்சும் அசையவில்லை. அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சிகளை ஒழுங்கு செய்தவன் நான். செய்யவேண்டியவை வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றையும் என் கைகள் செய்யவில்லை.

யாரையாவது கூப்பிட நிமிர்ந்தேன். சுற்றிலும் முகமூடிகள், இறக்கைகள், அங்கிகள். அவற்றின் நடுவில், முன்னால் நின்றவளின் மூடாத மேற்கையில் அதே வெள்ளைக் கருவி. ஓடிப்போய் அதைத் தொட்டுக் காட்டி, என் மகளுக்கும் இது இருக்கிறது என்றேன். பதற்றத்தில் அதற்குமேல் எனக்கு டேனிஷ் வரவில்லை.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. மண்டியிட்டு மகளைத் திருப்பினாள். என் முடிச்சுகளைப் பல்லால் கடித்து இழுத்தாள். அந்த நேரம் ஒலிபெருக்கியில் அவளுடைய முறை வந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. தலைக்கவசம் கழன்றபோது மகளின் முகம் வெளிறி, வியர்வையில் நனைந்திருந்தது. அந்தப் பெண் இடுப்புப் பையிலிருந்து குளுக்கோஸ் வில்லைகளை எடுத்து, "மென்று விழுங்கு, மென்று விழுங்கு" என்று அதட்டி அதட்டியே கொடுத்தாள். மகள் மென்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி என்னைப் பார்த்து "அப்பா" என்றாள்.

தெளிந்தவுடனேயே இருவரும் வாதாடத் தொடங்கிவிட்டார்கள்.

"உங்களுக்கு அம்பு பட்டால்?" என்றாள் மகள்.

"நான் ஓடுவேன். உன்னால் ஓட முடியுமா?"

"விளையாட்டைச் செய்தவங்கள் இந்த வீராங்கனையிட்டக் கேட்டா உடுத்திவிட்டவங்கள்?"

"நான் என்னைக் கேட்டுத்தான் உடுத்தினேன்" என்றாள் அவள். அந்தக் கருவியை மறைக்க வெயில்காலத்திலும் நீளக்கை சட்டை போட்டுத் திரிந்தவளாம். அதுவும் தெரியட்டும் என்றுதான் இந்த வேடத்தை எடுத்தாளாம். இருவரில் யாரும் மற்றவளின் கருத்தை மாற்றவில்லை. தவறிப்போன தன் முறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மகள் இன்றும் முழுக் கவசம்தான் போடுகிறாள். அவள் சொல்வதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்தப் பெண்ணும் நான் விரும்பியபடி முழுக்க மூடிக்கொண்டு நின்றிருந்தால், அத்தனை பேருக்குள் நான் யாரிடம் ஓடியிருப்பேன் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இதுவரை பதில் கிடைக்கவில்லை.