முதுகோடு முதுகாக ஒரு கட்டில்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் மழைக்காலம் வந்துவிட்டதை வானத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். மூச்சிழுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக ரிக்‌ஷா ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். தெருவின் இரண்டு பக்கமும் மிளகும் சுக்கும் அடைத்த பண்டகசாலைகள். வெயில்காலம் முழுக்க அந்தத் தூசியைத் தின்றுவிட்டு, வைகாசி நடுவில் இடவப்பாதி மழை விழுந்ததும் தெருவில் பாதிப் பேருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். எல்லாரும் ஒரே வாரத்தில் போய் விழுந்தால் பெண்கள் வார்டில் கட்டிலுக்கு எங்கே போவார்கள்?

அங்கிருந்த நர்ஸம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இழுப்பு வந்தவளால் படுக்க முடியாது, உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், முதுகோடு முதுகாக. ஒருத்திக்கு இன்னொருத்தி சாய்மானம். கல்யாணமான வருஷம் என்னை அப்படி உட்கார வைத்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தியின் வியர்வை முதுகில் நான் எதற்குச் சாய வேண்டும்? நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை. பேசாமல் உட்கார்ந்தேன்.

“சாரிக்கோ மோளே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சாய்ந்துகொள் என்று அர்த்தம்.

இடக்கொச்சிக்காரி. பண்டகசாலையில் மிளகு புடைக்கிற வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். சேச்சி என்று கூப்பிட்டேன். என்னைச் சாயச் சொன்னாளே தவிர, அவள் முழுசாகச் சாய மாட்டாள். பாதி பாரத்தைத் தானே பிடித்துக்கொள்வாள். கேட்டால், உன் எலும்பு நொறுங்கிப் போகும் என்பாள். ஊசி போட்டு மூச்சு கொஞ்சம் இளகியதும் பேச ஆரம்பிப்போம். அவள் மூன்று வார்த்தை சொல்லி நிறுத்துவாள், நான் இரண்டு சொல்லி நிறுத்துவேன். பேச்சிலேயே ஒரு மீன்குழம்பு வைத்து இறக்க ஒரு மத்தியானம் ஆகும்.

“உனக்கு என்ன ஆசை சேச்சி?” என்று ஒருநாள் கேட்டேன். வளையல், கம்மல் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“நீண்டு நிவர்ந்து கிடக்கணும், மோளே. ஒரு ராத்திரி மதி.”

ஒரே ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுத்தால் போதுமாம். எனக்கும் அதே ஆசைதான். சிரித்தோம். சிரித்ததற்கு இரண்டு பேரும் இருமித் தீர்த்தோம்.

மழை இல்லாத மாதத்தில் ஒருமுறை ஜூ டவுன் பக்கம் ஒருத்தி எதிரே வந்து, “எந்தா மோளே, சுகந்தன்னே?” என்று நலம் கேட்டாள். யாரென்று விழித்தேன். என்னமோ சொல்லி ஒப்பேற்றினேன். அவள் திரும்பி நடந்த பிறகுதான் தெரிந்தது, அது சேச்சியின் முதுகு. தெருவென்றும் பார்க்காமல் பின்னாலேயே ஓடினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் மழைக்குக் காத்திருந்தேன். “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இவளுக்கு இருக்குற சந்தோஷத்தப் பாரேன்,” என்று என் மாமியார் முணுமுணுப்பார். வார்டுக்குள் நுழைந்ததும் என் கண் அவளைத்தான் தேடும். போன வருஷம் வந்து இந்த வருஷம் வராதவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டோம். வீடு மாறிப் போயிருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். சேச்சி மட்டும் வீடு மாறக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.

கடைசி வருஷம் அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் வந்து சாய்ந்ததும், பின்னால் கையை நீட்டி என் கையைத் தொட்டாள். மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் முதுகு என் முதுகில் ஏறி ஏறி இறங்கியது.

“முழுசாச் சாரிக்கோ சேச்சி. எனக்கு ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சாய்ந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக முழுப் பாரத்தையும் என்மேல் போட்டாள். இருமல் ஓய்ந்திருந்தது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் சரிந்துவிடாமல் இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டேன். எனக்கு வந்த இருமலை முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன்.

ஊசித் தட்டோடு வந்த நர்ஸம்மா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“எழுப்பாதீங்க, இப்பத்தான் உறங்குறாங்க,” என்றேன்.

அவர் என்னை மெல்ல இறக்கிவிட்டார். முழுக் கட்டிலையும் அவளுக்குக் கொடுத்து, காலை நீட்டி, நேராகப் படுக்க வைத்தார்கள்.

இப்போது உறிஞ்சுகிற மருந்து வந்துவிட்டது. எல்லாரையும் போல நானும் நீட்டிப் படுக்கிறேன். இடவப்பாதி மழை விழும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அந்த முதுகு வேண்டும் போல இருக்கிறது, வேறென்ன சொல்ல. கட்டிலின் நடுவில்தான் உட்காருவேன். சுவரில் சாய மாட்டேன்.