மாப்பிள்ளை பூட்டிய மில்கள்

நெட்சாய் மசாங்கோ பேரிங் பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். சுட்டது.

மக்காச்சோளம் அரைக்கும் மில்களைச் சற்று நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றுவது வழக்கம். இந்த மில்லை நிறுத்த மறந்து அவள் மதியச் சாட்ஸாக் களி சாப்பிடப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மில் முனகிக்கொண்டிருந்தது. பெல்ட் பக்கம் இளஞ்சூடுதான். மறுபக்கம் கை வைக்க முடியவில்லை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. இந்த ஹராரே ஆலைக்குள் பெருக்குகிறவளாக வந்தவளை ஃபிட்டராக்கியதும் அந்த ஆசைதான். கழற்றிப் போட்ட எதையும் தாண்டி அவளால் பெருக்க முடிந்ததில்லை. இப்போது அசெம்பிளிக் குழுவுக்குத் தற்காலிக சூப்பர்வைசர். இந்த வெள்ளிக்கிழமைச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ‘தற்காலிக’ போய்விடும் என்று மானேஜர் சொல்லியிருந்தார். லாரி வாசலில் நின்றது.

மற்ற மில்களையும் ஓடவிட்டாள். சில முனகின, சில முனகவில்லை. முனகியவற்றின் போல்ட்டுகளில் எல்லாம் மஞ்சள் கோடு. அவரவர் இறுக்கிய போல்ட்டில் அவரவர் நிறத்தில் கோடு போடுவார்கள். மஞ்சள், அவள் குழுவில் இருக்கும் கிவ்மோருடையது.

ஒன்றைத் திறந்து பார்த்தாள். ஷாஃப்டின் இரு முனையிலும் பேரிங்குக்குப் பூட்டு வளையம் போட்டிருந்தான். பெல்ட் பக்கம் மட்டும்தான் போடவேண்டும். சூட்டில் ஷாஃப்ட் நீளும்போது மறுமுனை நகர இடம் வேண்டும். போன வாரம்வரை சரியாகப் போட்டவனுக்கு என்ன ஆயிற்று?

கேட்டுவிடலாம். ஆனால் கிவ்மோர் அண்மையில் கட்டிய பெண் யானைக் குலம். நெட்சாயும் யானைக் குலம். மனைவியின் குலத்து மூத்த பெண்கள் எல்லாம் இங்கே மாமியார் முறை; அப்படிப் பார்த்தால் அவள் அவனுக்கு மாமியார். அவளைக் கண்டதும் மரியாதைக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்வான். கைகளைக் குவித்து மெல்லத் தட்டுவான். தரையைப் பார்த்தே பேசுவான். எது கேட்டாலும் ‘ஆமாங்க அத்தை’தான்.

சாட்டிகோபோவைக் கூப்பிட்டாள். குழுவில் மூத்தவர், அவள் குடும்பத்துக்குச் சாவிரா, அதாவது பரம்பரை நண்பர். இழவு வீட்டில் செத்தவரையே கேலி செய்கிற உரிமை சாவிராவுக்கு உண்டு.

“என்ன யானை, துதிக்கையச் சுட்டுக்கிட்டியா?”

“விளையாடாதீங்க. ரெண்டு முனையிலயும் எதுக்கு வளையம் போட்டார்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டு வாங்க.”

“அதோ நிக்கிறான். நீயே கேளேன்.”

“கேட்டா ‘ஆமாங்க அத்தை’ம்பார். அத வச்சு நான் என்ன பண்றது?”

சாட்டிகோபோ போனார். ஏதோ கேட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பி வந்தார்.

“நீதான் சொன்னியாம்.”

“நானா?”

“திங்கக்கிழமை காலையில எல்லாரையும் நிக்க வச்சு, ‘ரெண்டு முனையிலயும் வளையம்’னு சொன்ன. எங்க காதுலயும் விழுந்துச்சு. புது சூப்பர்வைசர், பாவம், வாய் தவறிடுச்சுன்னு நாங்க பழையபடி போட்டோம். அவன் மாப்பிள்ளையாச்சே. மாமியார் வாய் எப்படித் தவறும்?”

“தப்புன்னு அவருக்குத் தெரியாதா?”

“தெரியுமாம். தூக்கமே இல்லையாம். பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான். ‘அவங்களுக்குத் தெரியாததா, பேசாம இரு’ன்னுட்டாளாம்.”

மானேஜர் வந்தார். திறந்து கிடந்த மில்லைப் பார்த்தார்.

“இந்த மஞ்சக் கோடு யாருது?”

“கோடு கிவ்மோருது சார். ஆனா அப்படிப் போடச் சொன்னது நான்.”

“ஏத்தி அனுப்பிட்டா?”

“கொஞ்ச நாள்ல பேரிங் போயிடும். ஊருல மாவு அரைக்க ஆள் வரிசையில நிப்பாங்க.”

அவர் லாரிக்காரனைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். போகும்போது, “நீ தற்காலிகமாவே இரு, பாக்கலாம்” என்றார்.

நெட்சாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஸ்பேனரை எடுத்து அடுத்த மில்லின் மூடியைக் கழற்றத் தொடங்கினாள். பிறகு நிறுத்தினாள்.

“சாவிரா, இன்னொரு தடவை போய்ட்டு வாங்க. நான் வேற என்னெல்லாம் தப்பாச் சொல்லியிருக்கேன்னு கேளுங்க.”

இந்த முறை அவர் திரும்பி வர நேரமாயிற்று.

“இன்னும் ரெண்டு இருக்காம்” என்றார். “அதக் கேக்குறதுக்கு முன்னால அத்தை ஸ்பேனரக் கீழ வச்சுடணுமாம்.”