பெருக்கோடு வரும் மீன்

அண்ணை மொன்றியலுக்கு வந்து ஒரு வருடமாகியும் இந்த ஊர் மீனை ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. லாசாலில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு. கோடை வந்தால் கரை முழுக்கத் தூண்டில்காரர்தான். ஒருநாள் என் கணவர் ஆசையாகப் பிடித்துக்கொண்டு வந்த மீனைக் குழம்பு வைத்தேன். அண்ணை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"சேத்து மணம். உப்பில்லாத தண்ணியில கிடக்கிறதெல்லாம் மீனே?"

மன்னாரில் இருபது வருடம் கடலுக்குப் போன மனிதர். துவக்குச் சூட்டுக்கும் புயலுக்கும் தப்பி இங்கே வந்து, உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்கும் குளிர் அறையில் வேலை செய்தார். அண்ணையின் மனைவி, என் மச்சாளும், இரண்டு பிள்ளைகளும் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போன் கார்டைச் சுரண்டி அவர்களோடு கதைப்போம். மச்சாள் என்னிடம் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"அவரைப் பார்த்துக்கொள்ளுங்கோ மச்சாள். ஒருத்தற்ற சொல்லும் கேக்கமாட்டார்."

அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரோடு கூடப்பிறந்தவள் நான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றார். குளிர் அறையில் கூட வேலை செய்யும் இந்த நாட்டுக் கடற்கரைக்காரன் ஒருவன் பெட்டி மட்டையில் ஒரு மீனைக் கீறிக் காட்டினானாம். தட்டையான உடம்பு, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில்.

"எங்கட நாக்கு மீன் சாதியடி பிள்ளை! ரிமூஸ்கிப் பக்கம் போனால் ஆறு கடலாகுதாம். அங்க மணலோட மணலாக் கிடக்குதாம்."

விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த முகத்தில் நான் வெளிச்சத்தைக் காணவில்லை. அதனால்தான் ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியமுன்னரே வான் வண்டியில் ஏறிக் கிழக்கே போனோம். அண்ணை பால்மா டின் ஒன்றில் நைலோன் நூலைச் சுற்றி, ஈயமும் சின்னக் கொழுக்கிகளும் கட்டி, தன் கைத்தூண்டிலைத் தயாராக்கி வைத்திருந்தார். டெப்பனர் என்கிற மூலைக் கடையில் பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விற்கிற மண்புழுவை வாங்கினோம். என் கணவர் நிழலுக்கென்று ஒரு தறப்பாளும் பெரிய கயிற்றுச் சுருளும் ஏற்றினார். "மீன் பிடிக்கப் போறியளோ, மாட்டுக் கொட்டில் போடப் போறியளோ?" என்று வழி முழுக்க அவரைப் பகிடி பண்ணினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஈரமான சேறும் மணலும்தான். பக்கத்தில் ஒரு துறைமேடை. அதன் நுனியில் சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, நீளமான இரண்டு தூண்டில் தடிகளை ஊன்றியிருந்தார். நான் போய் பொன்சூர் என்று வணக்கம் சொன்னேன். என் பிரெஞ்சு, நான் வேலை செய்யும் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் குழந்தைகளிடம் படித்தது. "வா, இரு, கையைக் கொடு, அழாதே" என்று சொல்வதில் என்னை யாரும் வெல்ல முடியாது. மற்றதெல்லாம் இழுபறிதான்.

நல்ல மனுசி. பொறுமையாகச் செய்து காட்டினார். மீனின் வாய் சின்னது, ஒரு பக்கம் கோணலானது, அதனால் கொழுக்கியும் சின்னதாக இருக்க வேண்டும். ஈயத்தை அடியில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல இழுக்க வேண்டும். சேறு கலங்கும், என்னவென்று பார்க்க மீன் வரும். கடிப்பது தெரிந்ததும் வெட்டி இழுக்காமல், அது விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். பெருக்கு வரும் நேரம்தான் நல்ல நேரம், ஏறுகிற தண்ணீரோடு மீனும் மேட்டுக்கு மேய வரும் என்றார். பிறகு தூரத்து மணல்திட்டைக் காட்டி, அங்கே மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிச் சொல்லைக் கேட்டுச் சிரித்தார்.

"பெருக்கு எண்டால் என்ன, முழங்கால் அளவு ஏறும். நான் பாக்காத பெருக்கே?"

மன்னாரில் அது உண்மைதான். அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் முழங்கால் அளவு வித்தியாசம் வந்தாலே பெரிது. ஆழமில்லாத பரவைக் கடலில் அரை மைல் நடந்து போய் நின்று தூண்டில் போட்டுவிட்டு, நனைந்த சாரத்தோடு நடந்தே திரும்பி வருவார்கள். இந்தக் கடல் ஒரு வீட்டுக் கூரை உயரத்துக்கு ஏறும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

கைத்தூண்டிலைத் தூரம் எறிய முடியாது. மீன் இருக்கும் இடத்துக்கு ஆள்தான் போக வேண்டும். அண்ணை சேற்றில் நடந்து, வழியில் இருந்த பள்ளத்தைக் கடந்து, திட்டில் ஏறினார். காலால் தடவினால்தான் நாக்கு மீன் கிடக்கும் இடம் தெரியும் என்று, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கல்லின் மேல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். குளிர் அறையில் வேலை செய்பவருக்கு இந்தக் குளிர் எம்மாத்திரம் என்ற நினைப்பு.

கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினார். சாப்பாட்டுத் தட்டளவு மண்ணிற மீன் ஒன்று நூலில் துடித்தது. அவர் சிரித்த சத்தம் கரைவரை கேட்டது. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினேன். இரண்டாவது மீன், பிறகு மூன்றாவது. அந்த மனுசி சொன்னது சரி, தண்ணீர் ஏற ஏற மீன் கடித்தது. அண்ணை கடலைப் பார்த்தபடி நின்றாரே தவிர, ஒருமுறைகூடக் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர் அலையடித்துக்கொண்டு வரவில்லை. சத்தமே போடாமல் அவருக்குப் பின்னால் பள்ளத்தை நிரப்பியது. நான் கண்டது பூட்ஸைத்தான். கல்லைக் காணவில்லை. ஒரு பூட்ஸ் சாய்ந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"அண்ணை! வாங்கோ! தண்ணி!"

கடல் காற்று என் குரலை என்னிடமே தள்ளியது. அண்ணை திரும்பினார். நான் மீனுக்குச் சந்தோசப்படுவதாக நினைத்துக் கையசைத்துவிட்டு, மறுபடி கடலைப் பார்த்தார். நிழலுக்கென்று கொண்டுவந்த தறப்பாளை விரித்துத் தலைக்கு மேல் ஆட்டினேன். அப்போதுதான் அவர் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார்.

பள்ளத்தில் இறங்கினார். நாலு எட்டுக்குள் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. இழுவை காலை வாரிவிட, விழுந்து புரண்டு, தவழ்ந்தபடி மறுபடி திட்டில் ஏறினார். நீந்தத் தெரியாதவர் இல்லை. குளிரில் மரத்துப் போன கால்கள்தான் அவர் சொல் கேட்கவில்லை. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் கிரிக்கெட் பிட்ச்சின் நீளத்தை விடக் கொஞ்சம் கூடத்தான் தூரம். என் கணவர் அவசர உதவிக்குப் போன் அடித்தார். வருகிறார்கள் என்றார்கள். அவர்கள் வரும்வரை அந்தத் திட்டு இருக்காது என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்த மனுசியைப் பார்த்து நான் கத்தியதெல்லாம் கார்டரிப் பிரெஞ்சுதான். "வா! கையைக் கொடு! கையைக் கொடு!" அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். ஒரு தடியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்து, கொழுக்கிகளை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் ஈயத்தோடு வீசினார். காற்று அதை ஒரு பக்கம் கொண்டுபோனது. சுற்றி இழுத்து மறுபடி வீசினார். ஈயம் அண்ணையின் தலைக்கு மேலால் பறந்து, நூல் அவர் தோளில் விழுந்தது.

அண்ணைக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருடம் நூல் பிடித்த கை. என் கணவர் கொண்டோடி வந்த தறப்பாள் கயிற்றை மனுசி இந்தப் பக்கத்து நூலில் முடிந்துவிட, அண்ணை கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டினார். தண்ணீர் அவர் தொடைக்கு வந்திருந்தது. மூன்று பேரும் இழுத்தோம். நடுப்பள்ளத்தில் அவர் தலை மறைந்தது.

கயிறு மட்டும் கனமாக இருந்தது. மடு மாதாவே, மச்சாளுக்கு நான் என்ன சொல்லுவேன்? அது ஒன்றுதான் மனதில் ஓடியது. உள்ளங்கை உரிந்ததை நான் பிறகுதான் கண்டேன். தலை மேலே வந்தபோது வாயைத் திறந்து இருமினார். சேற்றில் இழுத்துப் போட்டோம். உதடு நீலம், பல் கிடுகிடுவென்று அடித்தது. மனுசி தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். நான் தாங்க முடியாமல் அண்ணையின் முதுகில் ஓங்கி இரண்டு அடி போட்டேன். பிறகு அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினோம். வண்டியின் ஹீட்டர் முன்னால் கையை நீட்டியபடி, திட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் வந்தபோது அங்கே வெறும் தண்ணீர்தான்.

அவர் பிடித்த மீன்களும் பால்மா டின்னும் கடலோடு போயின. மனுசி தன் வாளியிலிருந்து இரண்டு மீனைப் பையில் போட்டு என் கையில் திணித்தார். அடுத்த நாள் லாசாலில் அவற்றைப் பொரித்தேன். அண்ணை முள்ளை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார்.

பிறகு வழக்கம்போல் போன் கார்டைச் சுரண்டினோம். அவர் ஒன்றும் நடக்காதது மாதிரிக் கதைப்பார், நானும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மச்சாள் கேட்டது எனக்கும் கேட்டது.

"போன கிழமை சொன்னியளே, கடலுக்குப் போனியளோ? மீன் பட்டதோ?"

அண்ணை ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பட்டது. கடல் திருப்பி எடுத்துப்போட்டுது. என்னையும் எடுக்கத்தான் பாத்தது, தங்கச்சி விடேல்லை" என்றார். "அவள் வா எண்டால் இனி வருவன்."

ரிசீவரை என்னிடம் நீட்டினார். மச்சாள் அழுவது மட்டும்தான் கேட்டது. கார்ட் முடியும்வரை நானும் அழுதுகொண்டிருந்தேன்.